முதலைச் சாமி கொடுத்த பதில்

1996 நவம்பரில் பஸ்தாவிக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் முப்பத்தெட்டு வருடம் புதைந்த பழைய ஊர்களுக்காக மண் தோண்டியே போயிருந்தது. எகிப்தில் அவருடைய ஊரான குஃப்த்தில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். மண்ணோடு மண்ணாகிப்போன பச்சைச் செங்கல் சுவரை விரலாலேயே கண்டுபிடிப்பார்கள். வெறும் மண் பொலபொலவென்று உதிரும்; சுவர் லேசாக எதிர்த்து நிற்கும். ஃபையூம் பாலைவன ஓரத்தில், முதலைக் கடவுள் சோபெக்கின் கோயிலைத் தோண்ட வந்திருந்த நாற்பது பேருக்கும் அவர்தான் மேஸ்திரி. ‘ரயிஸ்’ என்று கூப்பிடுவார்கள்.

‘சுவரை வெட்டினவன்’ என்று குஃப்த்தில் ஒருவனைச் சொன்னால் கைகலப்பு வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்தாவி ஒரு சுவரை வெட்டிவிட்டார். கோயில் களஞ்சிய அறையின் மேற்கு மூலையில், மணல் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரல் வைத்துப் பார்க்காமல் மண்வெட்டியைப் போட்டார். மறுபக்கம் திறந்துகொண்டது. யாரோ ஒருவர் வீட்டின் வாசற்படி தெரிந்தது. படிக்கு அடியில், கட்டைவிரல் அளவுக்கு மடித்து நூல் சுற்றிய பாப்பிரஸ் தாள் துண்டு. சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. ஓட்டையை மண் வைத்து அடைத்தார். துண்டைக் கோயில் அறையில் கிடைத்தவற்றைப் போடும் கூடையில் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மொச்சைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பழைய எழுத்துகளைப் படிக்கும் டாக்டர் நக்லா இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எதையோ ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ரயிஸ், நீங்க எடுத்த துண்டு! ஈரத்துல வச்சு ரெண்டு நாளா பிரிச்சேன். மை அப்படியே இருக்கு, பாருங்க.”

நேற்று எழுதியதுபோல் கறுகறுவென்று ஐந்து வரி. நக்லா விரலை ஓட்டிப் படித்தார். “‘சோபெக் சாமிக்குத் தாமுஸ்தா கேட்பது. படகில் போன என் புருஷன் ஒன்னோஃப்ரிஸ் உயிரோடு இருந்தால், இந்தச் சீட்டை எனக்குக் கொடு.’”

தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

“திருவுளச்சீட்டு. ரெண்டு எழுதுவாங்க. இருந்தா இதைக் கொடு, செத்திருந்தா அதைக் கொடுன்னு. ஒண்ணு சாமிகிட்டயே தங்கிடும். இன்னொண்ணுதான் பதில். அதை வீட்டுக்குக் கொண்டுபோவாங்க.”

“அப்ப சாமி என்ன சொல்லுச்சு டாக்டரம்மா?” என்றான் சல்லாம், பஸ்தாவியின் தங்கை கணவன்.

“இது கோயிலுக்குள்ள கிடைச்சுது. அதாவது, சாமி கொடுக்காத சீட்டு. செத்துட்டான்னுதான் பதில்.”

“அடப்பாவமே! ஆயிரத்து எண்ணூறு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளையை விதவையாக்கிட்டீங்களே மச்சான். அந்தக் கை விளங்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பஸ்தாவி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ துண்டுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவையெல்லாம் படித்தவர்கள் பாடு. இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எங்கே கிடந்தது என்பதுதான் பேச்சு. அது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தாமுஸ்தா கோயில் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சாமி கொடுத்ததை அவர் பிடுங்கி வைத்திருக்கிறார்.

சொன்னால் ரயிஸ் வேலை போகும். அதைவிட, ஊருக்குள் அந்தச் சொல் வரும்.

“டாக்டரம்மா, அது கோயில்ல கிடைக்கல.”

“என்ன சொல்றீங்க?”

“பக்கத்து வீட்டுல. வாசப்படிக்கு அடியில. நான்... சுவரை வெட்டிட்டேன்.”

சல்லாமின் சிரிப்பு நின்றது. “மச்சான், சும்மா இருங்க. டாக்டரம்மா, இவர் விளையாட்டுக்குச் சொல்றார்.”

“விளையாட்டு இல்லடா. வாங்க, காட்டுறேன்.”

நாற்பது பேரும் பின்னால் வந்தார்கள். அடைத்த மண்ணை அவரே தோண்டி எடுத்தார். அறுபட்ட சுவரின் இரண்டு முனைகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். நக்லா மண்டியிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை, வெகுநேரம் எழுந்திருக்கவேயில்லை.

“பத்திரப்படுத்தி வாசப்படிக்கு அடியில வச்சிருக்கா,” என்றார் மெதுவாக. “தினமும் அதைத் தாண்டித்தானே போயிருப்பா. சாமி இதைத்தான் கொடுத்திருக்கு ரயிஸ். இருக்கான்னு சொல்லியிருக்கு.”

“வந்து சேர்ந்தானா?” என்றான் சல்லாம்.

“அது இதுல எழுதலையே.”

அந்தப் படியை மிதிக்காமல் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

நக்லா பதிவேட்டில் ‘கோயில்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘வீடு, வாசற்படிக்குக் கீழே’ என்று எழுதி, பக்கத்தில் பஸ்தாவியின் பெயரையும் நேரத்தையும் குறித்தார். வெள்ளி விடுமுறை முடிந்து சனிக்கிழமை காலை முதல் சல்லாம் ரயிஸ் ஆனான். பஸ்தாவி மண் சலிக்கப் போனார்.