கேஜில் ஏறாத எழுத்து

பங்காருபேட்டையில் பிரௌசிங் சென்டர் வந்த புதிது. நான் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்து கொடுத்துவந்தேன். படிப்பு பத்தாவதுதான். பழைய ஃபான்ட்டில் அடித்த சர்ச் பாட்டுகளைப் புது ஃபான்ட்டுக்கு மாற்ற, புத்தகம் பார்த்து நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன்.

தமிழ் மென்பொருள்களை இலவசமாகத் தரும் ஓர் இணையக் குழுவுக்கு அதைக் கூச்சத்தோடு அனுப்பினேன். மலேசியாவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: "நல்லா வேலை செய்யுது. உள்ளே எழுதினதையும் அனுப்புங்க. எல்லாரும் பார்த்துத் திருத்த முடிஞ்சாத்தான் சேர்க்க முடியும்."

புரோகிராமுக்குள் நான் வைத்திருந்ததெல்லாம் சுரங்கப் பெயர்கள். பழைய எழுத்துகள் இருக்கும் இடம் 'லெவல்', பூமிக்கடியில் வேலை நடக்கும் தளத்தின் பெயர். அவற்றை மேலே கொண்டுவரும் பகுதி 'கேஜ்'. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் பெயர் அது. படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களே என்று பதிலே போடாமல் இருந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ள இன்னாங்க வெச்சிக்கினு கீறீங்க, தங்கமா? அனுப்பித் தொலைங்க!"

அனுப்பினேன். குழுவில் எல்லோரும் பார்க்கும்படி அந்த மலேசியாக்காரரின் பதில் வந்தது: "அண்ணே, உங்க கேஜ் 'ஔ'வை மட்டும் கீழேயே விட்டுட்டு வந்துடுது. நான் ஏத்தி விட்டுட்டேன். சரியான்னு பாருங்க."

சுரங்கத்தையே பார்த்திராத மனிதர். என் பிழையை ஊரறியச் சொல்லியும் எனக்குக் கூச்சம் வரவில்லை. என் ஷிஃப்டுக்குக் கூட ஓர் ஆள் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. எனக்குத் தெரிந்தும் மறைத்துவைத்திருந்த இன்னொரு பிழையை அன்றைக்கே நானே குழுவில் எழுதி, உதவி கேட்டேன்.