ஸ்டாண்டா, செவரா?

திரும்பி வந்த டிவியை விற்கிற தொழிலில், டிவியைப் பற்றிப் பேசுகிற நேரம் கொஞ்சம். அது ஏன் திரும்பி வந்தது என்று பேசுகிற நேரம்தான் அதிகம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கடையில் எல்லாமே அப்படி வந்த சரக்குதான். யாரோ ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பிரித்துப் பார்த்து, வேண்டாம் என்று அனுப்பியவை. கம்பெனியில் அதைச் சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, ஒரு சாதா அட்டைப்பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். பில்லில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்று அடிப்போம். வாய்க்குள் நுழையாத அந்த வார்த்தையை எங்கள் ஊர் சனம் ‘ரிட்டன் பீசு’ என்று திருத்தி வைத்திருக்கிறது.

காலையில் நின்றால் கடை சாத்துகிறவரைக்கும் நின்றுகொண்டே சிரிக்கிற வேலை பார்க்கும் மகராசிகளே, மகராசன்களே, துணிக்கடையோ பாத்திரக்கடையோ, எங்கே நின்று கால் வீங்கினாலும் நாமெல்லாம் ஒரே கூட்டம். அதனால் உங்களிடம் சொல்லலாம். போன மாதத்தில் ஒரு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், கடையில் மூன்றாவது தட்டில் இருந்த ஒரு முப்பத்திரண்டு இன்ச் டிவி.

போன வீடு

திங்கட்கிழமை கன்னிவாடியிலிருந்து ஒரு விவசாயி சம்சாரத்தோடு வந்தார். பெட்ரூமுக்கு ஒரு டிவி வேண்டும், சின்னதாக, விலை குறைச்சலாக. நேராக அந்த மூன்றாவது தட்டுக்குத்தான் போனார். சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் தட்டினார், அடியில் தடவினார், ரிமோட்டை மோந்துகூடப் பார்த்தார். என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை, வாங்கினவர்கள் வீட்டுச் செல்ஃபுக்குள் அடங்கவில்லை, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்றேன். பெட்டியில் ஒட்டியிருந்த காரணம் அதுதான், சத்தியமாக நான் புளுகவில்லை. அந்தம்மாவுக்கு டிவி பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. அவர்தான் நம்பவில்லை. பக்கத்துத் தட்டில் கொஞ்சம் விலை கூடினதை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஒரு கொறையும் இல்லாமயாம்மா, போன வீட்டுலருந்து திரும்பி வந்துச்சு?”

மூன்றாவது தட்டு

அவருக்குத் தெரியாது, போன வீட்டிலிருந்து திரும்பி வந்தவளிடம்தான் அதைக் கேட்டார் என்று. கல்யாணமாகி ஒரு வருசம்கூட என்னால் அங்கே குப்பை கொட்ட முடியவில்லை. யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கோர்ட்டு, கேஸ் எல்லாம் முடிந்து இப்போது அதுதான் வீடு. ஆனாலும் தெருவில் எதிரே வருகிற பாதிப் பேர், இவளிடம் என்ன குறையோ என்கிற மாதிரியே பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டு ஹாலில் ஒரு டிவி உண்டு. அது அண்ணன் பிள்ளைகளுக்கும் அம்மாவின் சீரியலுக்கும் எழுதிக் கொடுத்த சொத்து. நாளெல்லாம் டிவி விற்றுவிட்டுப் போகிறவளுக்குப் பிடித்த ஒரு பாட்டுப் பார்க்க வழியில்லை. எனக்கென்று பின்பக்கம் ஒரு ரூம் இருக்கிறது, முன்னால் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். அங்கே இந்த டிவியை வைத்து, கதவைச் சாத்தி, ரிமோட்டை என் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசையோ ஆசை. கீழ் விளிம்பில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், அதற்காகவே முதலாளி கூடுதலாகத் தள்ளுபடி போட்டிருந்தார். சனிக்கிழமைக்குள் விற்காவிட்டால் மதுரை குடோனுக்குப் போய்விடும், வேண்டுமென்றால் நீயே எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அதெப்படி? அந்த ரூமில் டிவி வந்துவிட்டால், இனி நான் இங்கேதான் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். மதினி, அதான் அண்ணன் சம்சாரம், இதுவரை ஒரு வார்த்தை கோணலாகப் பேசினதில்லை. ஆனால் பேசாத ஆள் மனசுக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? இவள் என்ன கூடாரத்தைப் பலமாகப் போடுகிறாளே என்று நினைத்துவிட்டால்? எடுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வீடுகளுக்குப் போய் டிவி மாட்டிக் கொடுக்கிறவர் சிக்கந்தர் அண்ணன். பில் போட்டதும் எல்லாரிடமும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, ஸ்டாண்டா, செவரா என்பது. வாடகை வீட்டுக்காரர்கள் ஸ்டாண்டு என்பார்கள், கிளம்பும்போது தூக்கிக்கொண்டு போகலாம். சொந்த வீட்டுக்காரர்கள் செவரு என்பார்கள், நாலு ஓட்டை போட்டு முறுக்கிவிட்டால் அது அங்கேதான். நான் துடைக்கிற துடைப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“இம்புட்டுத் தொடைக்கிறதுக்கு நீயே எடுத்துக்கலாம் தங்கச்சி. ஸ்டாண்டா, செவரா, அத மட்டும் சொல்லு.”

முடிச்சுப் போட்ட கயிறு

புதன்கிழமை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து ஒரு கமிஷன் மண்டிக்காரர் வந்தார். ஹால் டிவி சம்சாரத்தின் ஆட்சியில் இருக்கிறதாம், அவர் செய்தி பார்க்க பெட்ரூமில் ஒன்று வேண்டுமாம். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை அளந்து, ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கயிற்றை மூன்றாவது தட்டு டிவிமேல் வைத்ததும் துடைக்கிற துணியோடு நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வாய் மட்டும், எடுத்துக்கங்க சார், நல்ல பீஸ் என்கிறது. உள்ளுக்குள் ஒருத்தி, போயிருய்யா, போயிரு என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

டிவி முடிச்சைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், கடைசியில் முடிச்சையே அவிழ்த்துத் தள்ளிப் போட்டார். அப்புறம்தான் முடிச்சைத் தள்ளினால் பீரோ தள்ளாது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போன் போட்டு, பீரோவை நகர்த்தலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. படி இறங்கும்போது மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“டிவி நல்லாத்தானுங்க இருக்குது. எம்பட வீட்டுலதானுங்க அதுக்கு எடமில்லை.”

போனில் வந்த பதில்

வியாழக்கிழமை பேகம்பூரிலிருந்து தோல் வியாபாரம் பார்க்கிற ஒரு பாய் வந்தார். வீட்டில் அவர் சம்சாரம் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். நாளெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே, ஒரு டிவி வாங்கி ரூமில் வைத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். வீடியோ காலில் சம்சாரத்தைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தட்டாகப் போனைக் காட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது தட்டில் போன் நின்றது. இது போச்சு என்று துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டேன். காலொடிந்து கிடக்கிற பொம்பளைக்குப் போகட்டும், நாம் ஆசைப்பட்டால் பாவம் என்றும் தோன்றியது.

அந்தம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கால் குடைகிறதா, டிவி பிடிக்கவில்லையா என்று பாய் மாற்றி மாற்றிக் கேட்டார். விபத்துக்குப் பிறகு அவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாராம், அது பிறகுதான் எனக்குப் புரிந்தது. போனிலிருந்து குரல் கடை முழுக்கக் கேட்டது:

“டிவி வந்துட்டா நீங்க அதத்தான் பாப்பீங்க. இப்ப என்னையப் பாத்துக்கிட்டு இருக்கீகல்ல, அதுவே போதும்.”

ஒரு போன் கால்

பாய் வெட்கப்பட்டுக்கொண்டு போனதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. டிவியைப் பார்த்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடுவதற்கு என் ரூமில் யார் இருக்கிறார்கள்? எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒரு சேதி வைத்திருந்தாள். பழனிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறதாம், மாப்பிள்ளைக்கும் ரெண்டாவதுதானாம், அவருடைய அக்கா வந்து என்னைப் பார்க்கிறார்களாம். நான் டிவி விசயத்தைச் சொன்னதும் அம்மா போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அதற்குப் பிறகும் தெளிவாகத்தான் கேட்டது:

“ஞாயித்துக்கெழம வாராங்க. அதுவரைக்கும் அந்த ரூமுல ஒரு துரும்பக்கூடக் கொண்டாந்து வைக்காத.”

சனிக்கிழமை

குடோன் வண்டி சாயங்காலம் வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மத்தியானம் ஒரு கட்டைப்பையோடு மதினி கடைக்குள் வந்து நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா போனில் கத்தினதை அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறார். எந்த டிவி என்றார், காட்டினேன். கீறலை விரலால் தடவி, இதுக்கா தள்ளுபடி என்று சிரித்தார். சத்தம் எவ்வளவு வைக்கலாம், கரண்டு போய் வந்தால் தாங்குமா என்றெல்லாம் விசாரித்தார். அந்த வாரம் முழுக்க எல்லாரும் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் மதினி கேட்கவில்லை. அது ஏன் திரும்பி வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

நான்தான் உளறிக்கொட்டினேன். ஸ்டாண்டில்தான் வைப்பேன், நாளைக்கே இடம் அமைந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துவிடுவேன், பழையபடி அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்று கடகடவென்று சொன்னேன். மதினி பையைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு நன்றாகவே இறங்கியது.

“நீ வந்த அன்னைக்கு அரிசி மூடைய அந்த ரூமுலருந்து நான் ஒத்தையா இழுத்துப் போட்டேன். திரும்ப உள்ள தூக்கி வைக்கவா இழுத்தேன்?”

தூசி

பில் போட்டதும் சிக்கந்தர் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். செவரு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளெனவே வந்து மாட்டிவிடுகிறேன் என்றவர், பழனிக்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்த நேரம் பார்த்து ட்ரில் மெஷினோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள், தன்மையான மனுசர்கள்தான். இங்கே அம்மா கேசரி நீட்ட, அங்கே ரூமுக்குள் சுவர் டர்ரென்று அலற, கேசரிமேல் செங்கல் தூசி வந்து இறங்கியது. அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்தக்கா கேசரியைத் தள்ளி வைத்துவிட்டு, மெல்லத்தான் கேட்டார், போன வீட்டில் என்னதானுங்க பிரச்சனை, எதுக்குத் திரும்பி வந்துட்டீங்க என்று. எங்கள் நேரம் சரியில்லை என்று அம்மா வழக்கமான பாட்டை ஆரம்பிப்பதற்குள், வாரம் முழுக்கச் சொல்லிப் பழகின வாய் முந்திக்கொண்டது.

“ஒரு கொறையும் இல்லங்க. அந்த வீட்டுச் செல்ஃபுக்குள்ள நான் அடங்கல.”

ட்ரில் நின்றது. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அம்மாதான் பொழுது சாய்கிறவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு வைத்த பிறகு விடுவிடுவென்று என் ரூமுக்குள் வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ரிமோட்டக் குடுடி. ஹால்ல புள்ளைக சீரியல் பாக்க விட மாட்டேங்குதுக.”

திரும்பி வந்ததையெல்லாம் மறுபடி வேறொரு வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, சிலதை இருக்கிற வீட்டிலேயே நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டால் போதும், ரிமோட்டை மட்டும் ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும்.