எந்தப் பக்கம் ஓடினாள்?

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பஸ் டிப்போவில் விபத்து விசாரணை எழுதும் என் அக்காவுக்கு நடந்தது இது. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

ஓட்டுநர் ஒருவர் வெறிச்சோடிய வளைவில் திடீரென்று பிரேக் போட்டார். பயணி ஒருவருக்குக் கை முறிந்தது. "என்னமோ குறுக்க வந்துச்சு மேடம், என்னன்னு தெரியல" என்று ஓட்டுநர் அழாத குறையாகச் சொன்னார். சாட்சி இல்லாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

காலை 10.20. பழைய விசாரணைத் தாளில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, அதே கேள்விகளைச் சாட்சிகளிடம் வாசிப்பது அக்காவின் வழக்கம். அன்றும் டிராயரில் கிடந்த ஒன்றை எடுத்தாள். "குறுக்கே வந்த பெண் எந்தப் பக்கம் ஓடினாள்?" தனித்தனியாக வந்த மூன்று பயணிகளும் இடப்பக்கம் என்றார்கள். பச்சைச் சேலையாம்.

11.40. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பெண் என்று ஓட்டுநர்கூடச் சொல்லவில்லையே... சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூவரையும் மறுபடி கூப்பிட்டாள்.

"என்ன பாத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"அந்தப் பொண்ணத்தான்."

அவளை உங்கள் வாயில் திணித்ததே நான்தான் என்று அக்கா கரடியாய்க் கத்தினாள். அவர்கள் மசியவில்லை. மேலாளரோ, ஓட்டுநர் பிழைத்தார், விட்டுவிடு என்றார். நாளைக்கு இது வெளியே வந்தால் அந்த ஓட்டுநரைத்தானே பொய்யன் என்பார்கள்? யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மாலை 4.05. கேள்வி வேறொரு விபத்துடையது என்று காட்ட, தாளின் மூலையில் இருந்த எண்ணை வைத்துப் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். ஆறு வருடம் முந்தையது. அதே வளைவு.

கோப்பில் இருந்த அதே தாளின் நகலில் அந்தக் கேள்வியே இல்லை...

அங்கே இருந்தது வேறு. "யாரும் குறுக்கே வரவில்லையே?"

ஒன்பது சாட்சிகள். ஒன்பது பேரும், "இல்லை."

கடைசியில் ஒரு போலீஸ் கடிதம். அக்காவுக்கு அதை யாரும் காட்டியதில்லை. விசாரணை முடிந்த நான்காம் நாள், வளைவின் இடப்பக்கப் பள்ளத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்திருக்கிறது. பஸ் மோதிய காயம். பார்த்தவர் எவரும் இல்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள்.

அந்த "வரவில்லையே" கேள்விக்குக் கீழே, கேட்டவரின் கையெழுத்து...

அக்காவுடையது.