மடித்துப் போட்ட ஓட்டு

மயிலாப்பூர்க் குளத்தைப் பார்க்கக் கிளம்பிய என்னை, வழியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிடுகிறார் ரிக்‌ஷாக்காரர். இன்று கவுன்சிலர் தேர்தல். ஓட்டுப் போடாமல் வண்டி நகராதாம்.

"இப்ப வுட்டா மூடிடுவாங்கோ நைனா. போன தபா முத்திரை குத்திட்டு சீட்டை மடிச்சேனா, மை பக்கத்துச் சின்னத்துலயும் ஒட்டிக்கிச்சு. ஓட்டு செல்லாமப் பூட்டிருக்கும். எப்டி மடிக்கிறது?"

வேட்டியையே ஒழுங்காக மடிக்கத் தெரியாத என்னிடம் இந்தக் கேள்வி! ஆனாலும் ஜம்பம் விடுமா? கீழே கிடந்த நோட்டீஸில் பேனாவால் பொட்டு வைத்துக் காட்டுகிறேன்.

"முதல்ல நெடுக்க மடிங்க. மை ஒட்டினாலும் அதே சின்னத்துக்கு நேராத்தான் ஒட்டும். அப்புறம் குறுக்க மடிங்க."

நோட்டீஸை இரண்டு முறை மடித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுகிறார். வண்டிக்கு நான் காவல். ஓர் அம்மாள் வந்து, "மந்தைவெளி வரியாப்பா?" என்கிறாள். கூலி பேசிப் பார்க்கலாமா என்று எனக்குச் சபலம்.

கடைசியில், மை வைத்த விரலை ஆட்டிக்கொண்டே வருகிறார்.

"நீ சொன்னாப்ல மடிச்சேன் நைனா. இந்த தபா என் ஓட்டு செல்லும்!" என்றவர் என் மார்பைப் பார்த்துச் சிரிக்கிறார். "உனக்குத்தான் ஒட்டிக்கினு கீது."

குனிந்து பார்க்கிறேன். பையில் செருகிய பேனாவை மூட மறந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டையில் நெடுக்கவும் குறுக்கவும் நீலம்.