சகலனிடம் மன்னிப்புக் கேட்கப் போன கதை

மொன்றியலில் இலையுதிர் காலம் வந்தால் சனங்கள் மரங்கள் சிவப்பதைப் பார்க்க மலைக்குப் போவார்கள். எனக்கு அந்தக் காலத்தின் அடையாளம் வேறு. என் முதலாளி நான் மா உருட்டும் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டான், இந்த வருஷம் நான் உனக்கு ஏதாவது பிழை செய்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்" என்பார். ஸ்டான் என்பது நான்தான். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயரை அவர் முதல் நாளே வெட்டி வாய்க்கு அளவாக்கிவிட்டார். அவர் பெயர் மொய்ஷே, யூதர், பேகல் கடை வைத்திருக்கிறார். பேகல் என்பது நடுவில் ஓட்டை வைத்து, தேன் கலந்த தண்ணீரில் அவித்து, எள்ளில் புரட்டி, விறகடுப்பில் சுடுகிற ஒரு வகைப் பாண். உளுந்து வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொன்னால் ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கும். இந்த நகரத்தில் யூதர்களின் பேகலை உருட்டுகிற கைகளில் எங்கள் ஆட்களின் கைகளும் நிறைய உண்டு.

முதல் வருஷம் அவர் அப்படி வந்து நின்றபோது நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். அதற்கு முன் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தேன். அங்கே மனேஜர் ஒருநாள் என்னைத் தோளில் தட்டி, தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, நாளை முதல் வரவேண்டாம் என்றான். முதலாளியின் குரல் தணிந்தால் வேலை போகப் போகிறது என்பது நான் பட்டறிந்த பாடம். அதனால் மொய்ஷே மன்னிப்புக் கேட்டதும் ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து வைத்தேன். "வெள்ளிக்கிழமை வரையாவது விடுங்கள்" என்றேன். நான் மன்னிக்க மறுக்கிறேன் என்று நினைத்து அவர் பதறிப் போனார். இரண்டாம் தரம் கேட்டார். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று நான் அழாக்குறையாகக் கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, மூன்று தரம் கேட்டுவிட்டேன், இனி அது உன் பொறுப்பு" என்றார். பிறகுதான் நிதானமாக விளக்கினார். அவர்களுக்கு யோம் கிப்பூர் என்று ஒரு பெரிய நோன்பு நாள் உண்டு. பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். ஆனால் மனிசருக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிக்க மாட்டாராம். அதற்கு அந்த மனிசரிடமே முதலில் போகவேண்டுமாம். மூன்று தரம் கேட்டும் அவர் மன்னிக்காவிட்டால் பாவம் அவருக்காம். நான் ஏப்ரனை மறுபடியும் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு வருஷத்தில் எனக்கு அது பழகிப்போய்விட்டது. அவர் கேட்பார், நான் "ஓகே, ஓகே" என்பேன். போன வருஷமும் அப்படித்தான். ஆட்களுக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார், நானும் தாராளமாகக் கொடுத்தேன். போகத் திரும்பியவர் நின்று, "உனக்கு யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லையா?" என்றார்.

"நாங்கள் கத்தோலிக்கர். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் முடிந்தது" என்றேன் பெருமையாக.

"நீ பிழை செய்தது சாமியாருக்கா?" என்று கேட்டார் மொய்ஷே. என் கையில் சுற்றியிருந்த மாவு அறுந்து விழுந்தது.

பிழை செய்தது என் சகலனுக்கு. என் மனைவி றீற்றாவின் தங்கை ஜெனோவாவைக் கட்டியவன் றொபேட். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனுக்கு என்னைவிட நல்ல வேலை இருந்தபோதும், என் தலையில் இல்லாத மயிர் அவன் தலையில் இருந்தபோதும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் பங்குக் கோயில் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போட முடிவானபோது, ராசா வேஷத்தைக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவனுக்குக் கொடுத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் கூத்துகளில் வேதத்துக்காக உயிர்விடும் வேதசாட்சிக்கு மோட்சம் கிடைக்கும், ராசாவுக்கு நல்ல பாட்டெல்லாம் கிடைக்கும். ஊரில் இருபது வயதில் நான் ராசாவாக ஆடியவன். இங்கே எனக்கு மந்திரி வேஷம். "ஆகட்டும் மன்னவா" என்று ஏழு இடத்தில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு றொபேட் கேடயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாடினான். கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. அவனுக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற எனக்கு வயிறு பற்றி எரிந்தது, ஒளிப்பானேன்.

கூத்து முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் யாரோ அவன் ஞாபகசக்தியைப் புகழ்ந்தார்கள். "ஞாபகமோ? கேடயத்துக்குப் பின்னால பாட்டை எழுதி ஒட்டிப்போட்டுப் பாத்துப் பாடினவன்" என்றேன். பச்சைப் பொய். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தேன். அடுத்த ஞாயிறு பூசைக்குள் அது கோயில் முழுக்கப் போய், திரும்பி என் காதுக்கே புதுச் செய்தியாக வந்தது. றொபேட் அதன் பிறகு பாடவில்லை. பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டான். கிறிஸ்மஸ் இரவு நத்தார்ப் பூசையில் எல்லோரும் பாடும்போதுகூட வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். "இவர் குளிக்கேக்கைகூட இப்ப பாடுறேல்லை அக்கா" என்று ஜெனோவா போனில் சொல்ல, ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் ஐந்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் பத்துச் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த கூத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் அண்ணாவியார் மன்னார்க்காரர், துறைமுகத்தில் லொறி ஓடுகிறவர். அவர் றொபேட்டிடம் போய்க் கேட்டு, முடியாது என்ற பதிலோடு என்னிடம் வந்தார். "ஸ்ரனிஸ் அண்ணை, அப்ப ராசா நீங்கள்தான்" என்றார். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கைக்கு வந்தும் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கிழமைதான் மொய்ஷேயின் கேள்வியும் வந்து சேர்ந்தது. நான் முழுக் கதையையும் அவரிடம் கொட்டிவிட்டேன். நல்லவனாக இருந்தால் எனக்கு இந்தப் பொறாமையே வந்திருக்காது என்றேன்.

"யார் சொன்னது?" என்றார் அவர். அந்தக் கெட்ட குணம் மாவிலே புளிப்பு மாதிரியாம். அது இல்லாவிட்டால் ஒருவனும் வீடு கட்டமாட்டான், பிள்ளை பெறமாட்டான், கடை திறக்கமாட்டான் என்று அவர்களின் முன்னோர் சொல்லியிருக்கிறார்களாம். "தூக்கி எறியாதே, ஆனால் பொங்கி மேசையெல்லாம் வழிய விடாதே. அதற்கு ஒரு வேலை கொடு. இப்போது அது உன்னை உன் சகலனின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்" என்றார். அறிவுரை சொல்லி முடித்த கையோடு, எள்ளுத் தட்டை ஈரமாக வைத்ததற்கு அடுப்படிப் பெடியனைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அடுத்த வருஷத்துக்கு அவருக்கும் ஒரு மன்னிப்புச் சேர்ந்தது.

அன்று பின்னேரமே றொபேட்டின் வீட்டுப் படி ஏறினேன். தெருவில் இருந்தே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. ஜெனோவா மகளை டான்ஸ் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தாள். றொபேட் குசினியில் நண்டு உடைத்துக்கொண்டு நின்றான், கையில் பெரிய கத்தி. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. என்ன முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"றொபேட், அந்தக் கேடயக் கதை... அதைச் சொல்லித் திரிஞ்சது வேற ஒருத்தரும் இல்லை. நான்தான்."

அவன் கத்தியை நண்டுக்குப் பக்கத்தில் வைத்தான். முகம் சிவந்து பிறகு வெளுத்தது. மெல்லிய குரலில் கேட்டான்.

"நீங்கள் அதை எங்கை நிண்டு பாத்தனீங்கள்?"

"எதை?"

"ஒட்டியிருந்ததை. கடைசிப் பாட்டின்ரை நாலு வரிதான் அண்ணை. எவ்வளவு பாடமாக்கியும் அது மட்டும் தலையிலை நிக்கேல்லை. ஒருத்தரும் காணேல்லை எண்டுதான் நினைச்சனான்."

"நான் ஒண்டும் காணேல்லை றொபேட். எரிச்சலிலை சும்மா சொன்னனான்."

"சும்மாவோ?"

"சத்தியமாச் சும்மா."

அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில், எங்கள் காலுக்குக் கீழே, இடித்தார். பிறகு நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, காற்றில் நடப்பவன் போல வீட்டுக்கு வந்தேன். பொய் என்று நினைத்துத்தானே இவ்வளவு நாள் வருந்தினேன்? நான் சொன்னது உண்மையாகிவிட்டதே, பிறகு எனக்கு என்ன பாவம்?

அடுத்த நாள் மொய்ஷேயிடம் இதை வெற்றிச் செய்தியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையான கோளும் கோள்தானாம். பொய்யென்றால் மறுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம், உண்மையென்றால் அந்த மனிசனுக்குப் போக்கிடம் இல்லை என்றார். "அவன் வாயை மூடிக்கொண்டது அதனால்தான். நீ போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாய். மன்னிப்புக் கேட்டாயா?" நினைத்துப் பார்த்தேன். சிரித்தோம், சாப்பிட்டோம், கோதுகளைக் கூட்டி அள்ளினோம். மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரவேயில்லை. பேச்சு முடிந்தது என்று நான் திரும்பியபோது இன்னொன்றும் சொன்னார். யார்மேல் பொறாமையோ, அவருக்காக முதலில் செபிக்க வேண்டும், தனக்கானதைப் பிறகு கேட்கலாம். அது தனக்கே சரியாக வருவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

மறுபடியும் அந்த வளைந்த படி. இந்த முறை நான் கதிரையில் இருக்கவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றேன். "றொபேட், உம்மடை பாட்டை நான் நிப்பாட்டிப்போட்டன். என்னை மன்னிக்கோணும். ராசா வேஷம் எனக்கு வேண்டாம், அது உம்மடை" என்றேன்.

"எனக்குக் கோவம் இருந்தது அண்ணை. ஆரெண்டு தெரியாமல் கோயிலிலை எல்லாரையும் கோவிச்சுக்கொண்டு திரிஞ்சனான்" என்றான். "மன்னிக்கிறன். ஆனால் அந்தக் கடைசிப் பாட்டு எனக்கு இப்பவும் வராது. ஊரிலை விடிய விடிய ஆடேக்கை ஒரே ராசா வேஷத்துக்கு முன் ராசா, பின் ராசா எண்டு ரெண்டு பேர் வாறவையெல்லோ? நான் முன் ராசா. பின் ராசாவா நீங்கள் வந்து அதைப் பாடுங்கோ."

இரண்டு மணித்தியாலக் கூத்துக்கு இரண்டு ராசாவா என்று அண்ணாவியார் தலையில் கை வைத்தார். பிறகு சம்மதித்தார். திருநாள் ஞாயிறு பின்னேரம், கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் கூத்து. மேலே உயர இருந்த யன்னல்களில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. மறைவுச் சீலைக்குப் பின்னால் நின்று றொபேட் பாடுவதைக் கேட்டேன். இரண்டு வருஷம் அடைத்து வைத்த குரல், கேட்பவனைக் கொன்றது. எனக்கு வயிறு எரிந்தது, பழையபடி எரிந்தது. ஆண்டவரே, அவனுக்குத் தொண்டை கட்டக் கூடாது என்று செபித்தேன். இரண்டாம் தரம் சொன்னபோது அது உண்மையாகவே மனதிலிருந்து வந்தது.

கைதட்டலோடு உள்ளே வந்த றொபேட், ராசமுடியைக் கழற்றி என் தலையில் வைத்தான். அது அவன் வேர்வையில் நனைந்து இன்னும் சூடாக இருந்தது. நான் மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் இருந்த அவனுடைய மகள் எழுந்து, பிரெஞ்சில் தாயிடம் உரக்கக் கேட்டாள்: "மமோ, ஸெ கி லெ வ்ரே ருவா?" உண்மையான ராசா யார் என்று கேட்கிறாள். ஜெனோவா அவளைப் பிடித்து இருத்தி, "ரெண்டு பேரும்தான், சத்தம் போடாதை" என்றாள். அது எப்படி முடியும் என்று பிள்ளை விடவில்லை. அண்ணாவியார் தாளம் தட்டினார். அந்தக் கேள்வி காதில் இருக்க, சகலனின் தலைக்கு அளவெடுத்துச் செய்த முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைசிப் பாட்டைத் தொடங்கினேன்.