சுவரில் ஒட்டிய தேதி

குடோனின் பின்சுவரிலிருந்து நேற்றைய தேதித் தாளை உரித்தெடுத்து, காதருகே பிடித்து, நகத்தால் சுண்டுகிறாள் பாலம்மாள். காய்ந்த தாள் என்றால் ‘டக்’கென்று சத்தம் வரும். இன்று ஈரத்துணியைச் சுண்டியதுபோல் இருக்கிறது. “போச்சு” என்கிறாள். மணி ஆறே முக்கால்தான். அன்றைய நிம்மதி அதோடு முடிந்தது.

சிவகாசியில் தன் வீட்டின் மாடியில் அவள் குடியிருக்கிறாள். கீழே முழுவதும் காலண்டர்கள் இருக்கின்றன. அச்சகம் நடத்தும் ஜெயச்சந்திரன் கீழ்த்தளத்தைக் குடோனாக வாடகைக்கு எடுத்திருக்கிறார். கணவர் போனபிறகு அந்த வாடகைதான் அவளுக்குச் சோறு, மருந்து, கோயம்புத்தூர் மகளிடம் கை நீட்டாத கௌரவம் எல்லாம். செப்டம்பரில் சீசன் சூடுபிடிக்கும்போதா பின்சுவரில் தோசை அகலத்துக்கு ஈரத்திட்டு விழ வேண்டும்? ஜெயச்சந்திரன் மரியாதை குறையாமல் சொல்லிவிட்டார்: “ஒரு கட்டு நனைஞ்சாலும் ஆர்டர் கைய விட்டுப் போயிரும்க்கா. பெறகு நான் வேற எடந்தான் பாக்கணும்.” அன்றிலிருந்து பாலம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, சோற்றுக் கையோடு கீழே இறங்கி, இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சாப்பிடுகிறாள். மீதியைச் சாப்பிடாத நாட்களும் உண்டு.

இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் தாள் எண்ணியவள். ஈரத்தைச் சுவருக்கு முன்பே தாள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ஒரு சோற்றுப் பருக்கையால் அந்தச் சுவரில் ஒட்டுவாள். மறுநாள் உரித்துச் சுண்டிப் பார்த்துவிட்டு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். எதற்குச் சேர்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. இதில் ஒரு வேடிக்கை, அவள் வீட்டுக் காலண்டர் எப்போதும் ஒரு நாள் முன்னால் ஓடும். நாளைக்குப் படவேண்டிய கவலையை இன்றைக்கே பட்டுவிடுகிற மனுஷிக்கு அது பொருத்தம்தான்.

பிளம்பர் தேடுவதிலும் அவளுக்குத் தனி வழி உண்டு. ஆள் நல்லவரா, வேலை தெரிந்தவரா என்றெல்லாம் யாரிடமும் கேட்க மாட்டாள். கேட்பது இரண்டே கேள்விதான். “வேலை முடிஞ்சு போகையில பெருக்கிட்டுப் போனாரா? திரும்ப ஒழுகுதுன்னு கூப்பிட்டா போனை எடுத்தாரா?” வீட்டைப் பார்க்காமல் போனிலேயே ரேட்டுச் சொல்கிறவரிடம் “நல்லதுப்பா” என்று வைத்துவிடுவாள். வந்தவருக்கு டீ கடைசியில்தான். முதலிலேயே கொடுத்தால் கை சோம்பிவிடுமாம்.

இத்தனை சல்லடையிலும் இரண்டு பேர் தப்பி வந்தார்கள். முதல் ஆள் மாடிக் குளியலறைக் குழாயை மாற்றினார், பெருக்கினார், போனார். ஐந்து நாள் தாள் ‘டக் டக்’கென்றது. பாலம்மாள் தெருவெல்லாம் அவரைப் புகழ்ந்து முடிப்பதற்குள் தாள் மறுபடி துவண்டுவிட்டது. இரண்டாவது ஆள் குளியலறைத் தரையைத் தட்டிப் பார்த்து, “பூராத்தையும் பேத்துப் போடணும்மா. இல்லேன்னா பெறகு என்னையக் கேக்காதீக” என்றார். அவர் சொன்ன தொகைக்கு அவள் எங்கே போவாள்? தொகை ஒருபுறம், காலண்டர்களின் தலைக்கு மேலே சம்மட்டி அடிக்க விட முடியுமா? அவரை அனுப்பிவிட்டாள்.

அடுத்த தெரு குருவம்மாள் பட்டாசுக் கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்கும்போது ஒரு பெயர் சொன்னாள். “சங்கிலிமுத்துன்னு ஒருத்தரு இருக்காருக்கா. வந்த ஒடனே கைய வைக்க மாட்டாரு. ஒக்காந்து கேள்வியாக் கேப்பாரு. அவருக்குப் பதில் சொல்லியே அன்னைக்கு வேனை விட்டுட்டேன்.”

“பெருக்கிட்டுப் போனாரா?”

“போனாரு.”

“திரும்பக் கூப்பிட்டா போனை எடுத்தாரா?”

“திரும்பக் கூப்பிடற வேலையே வரலியேக்கா.”

இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் போடுவது என்று பாலம்மாளுக்குத் தெரியவில்லை.

சங்கிலிமுத்து இருபத்திரண்டாம் தேதி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே குடோன் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“எப்பப்ப நனையுதும்மா?”

“எப்பவுந்தான்!” பாலம்மாளுக்குக் கோபம் வந்தது.

“எப்பவும்னா செவுரு காயவே காயாதே. நல்லா நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தால் அவளுக்கு எல்லா நாளும் நனைந்த நாளாகத்தான் தெரிந்தது. மாடிக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் தாள்களைத் தேதி வரிசையில் தரையில் பரப்பினார். மூன்றாம் தேதித் தாள் அலை அலையாக நெளிந்திருந்தது. நான்கிலும் ஐந்திலும் கொஞ்சம் நெளிவு. ஆறிலிருந்து பத்துவரை விறைப்பு. மறுபடி பதினொன்றில் நெளிவு. மறுபடி பத்தொன்பதில்.

“எட்டு நாளைக்கு ஒருக்க” என்றார் சங்கிலிமுத்து. “ஒங்க தெருவுக்கு நல்ல தண்ணி என்னைக்கு விடுதாக?”

பாலம்மாள் குனிந்து, நெளிந்த தாள்களின் தேதிகளை மறுபடி பார்த்தாள். அந்த மூன்றும் அவள் குடம் குடமாகப் பிடித்து வைத்த நாட்கள். குடிதண்ணீர்க் குழாய் தெருவிலிருந்து அந்தப் பின்சுவருக்குள்ளேதான் ஏறி, மாடி அடுப்படிக்குப் போகிறது. குளியலறைக்கு வருவது போர்வெல் தண்ணீர். அது தினமும் ஓடுவது. அங்கே ஓட்டை இருந்திருந்தால் எல்லாத் தாளும் நெளிந்திருக்கும்.

உள்ளங்கை அகலத்துக்குச் சுவரைக் கொத்தி, விரிசல் விட்ட குழாய் வளைவை எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தி, பூசி, பெருக்கியும் விட்டார். அரை நாள் வேலை, அரை நாள் கூலி. “தண்ணி வந்தாத்தான் நெசந் தெரியும்மா. இருபத்தேழுக்கு நானும் வாரேன்” என்றார்.

அடுத்த ஐந்து நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை. தாள் ‘டக்’கென்றுதான் சொன்னது. முதல் ஆள் போனபோதும் அப்படித்தானே சொன்னது! போதாததற்கு ஜெயச்சந்திரன் போன் செய்தார்: “இருபத்தேழு காலைல பெரிய லோடு வருதுக்கா. பின்செவுத்தோரந்தான் எடம் இருக்கு.”

இருபத்தேழாம் தேதி எட்டரைக்குத் தண்ணீர் வந்தது. மாடிக் குழாயைத் திறந்துவிட்டவள் ஒரு குடம்கூட நிரம்பும்வரை நிற்காமல் இறங்கி வந்தாள். சங்கிலிமுத்து அதே படியில் உட்கார்ந்திருந்தார். வெளியே லோடு வேன் நின்றது. ஜெயச்சந்திரனும் லோடுமேன்களும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். மணி ஒன்பதரை ஆனது.

பாலம்மாள் அன்று காலையில் ஒட்டிய தாளை உரித்தாள். அவசரத்தில் ஒரு மூலை கிழிந்தது. காதருகே வைத்துச் சுண்டினாள். ‘டக்.’ நம்பாமல் மறுபடி சுண்டினாள். ‘டக்.’

“எறக்குங்கப்பா!” என்று கத்தினார் ஜெயச்சந்திரன். அவளிடம் திரும்பி, “இனியாவது நிம்மதியாச் சாப்பிடுங்கக்கா” என்றார். அவள் தலையாட்டினாள். சங்கிலிமுத்துக்கு டீ வந்தது. கட்டுகள் பின்சுவரோடு சேர்ந்து உயர ஆரம்பித்தன.

பாலம்மாள் கையிலிருந்த தாளை டப்பாவில் போடவில்லை. இடது கை விரல் நுனியில் இன்னொரு சோற்றுப் பருக்கை தயாராக இருந்தது. லோடுமேன்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி பக்கச்சுவருக்குப் போனவள், குளியலறைக் குழாய் இறங்கும் இடமாகப் பார்த்து, தாளை அங்கே ஒட்டினாள்.