ஐஸ் நின்ற கோடை

கடகடவென்று ஐந்தாறு ஐஸ்கட்டிகள் பிளாஸ்டிக் தொட்டியில் விழும் சத்தமும், அதன் பின்னாலேயே 'சர்ர்' என்று தண்ணீர் ஏறும் சத்தமும் கேட்டால்தான் கோடை விடுமுறை தொடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்த விருந்தாளிகள் அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்வார்கள். முதலிபாளையத்துக்குப் பக்கத்தில், முன்னால் வீடு, பின்னால் பனியன் கம்பெனி, அதற்கும் பின்னால் அப்பாவின் சாயப்பட்டறை என்று நீண்டு கிடந்த எங்கள் இடத்துக்கு, தானாகவே ஐஸ் போடும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஊரைக் காலி செய்துகொண்டு போன வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் அப்பா வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படியொன்று இல்லை என்று அவருக்கு இருந்த பெருமையில் பாதி எனக்கும் இருந்தது.

ஐஸ் மேக்கருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும். 'நல்ல தண்ணி' பத்து நாளைக்கு ஒருமுறை வருவது, டிரம்மில் பிடித்து வைப்பது. அதனால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் 'போர் தண்ணி'யையே இணைத்தார்கள். எங்கள் போர் தண்ணீர் குடிக்க ஆகும் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதே தொட்டியிலிருந்து இன்னொரு குழாய் தொழிலாளர்கள் குடியிருந்த 'லைன் வீடு'களுக்குப் போயிற்று. தெற்கத்திப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. டெய்லர் வீட்டுச் செல்வி எனக்கு உயிர்த்தோழி. தினமும் மூன்று மணிக்கு டிபன் பாக்ஸ் மூடியோடு ஐஸ் வாங்க வந்துவிடுவாள்.

குடிக்க ஆகும் என்றாலும் அது உப்புத் தண்ணீர்தான். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு; அதில் உப்பு படிந்தால் ஐஸ்கட்டி சிறுத்துப்போகும், அப்புறம் அடியோடு நின்றுவிடும். கம்பெனி மெக்கானிக்கின் தடித்த விரல்கள் அந்த இடத்துக்குள் போகவில்லை, என் விரல்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபிரிட்ஜை நிறுத்தி, ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோக்கும் இடுக்கியால் சல்லடையை எடுத்து, எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து, ஐஸ் உறையும் அச்சை 'வேஸ்ட்' போட்டுத் துடைப்பேன். வேஸ்ட் என்பது பனியன் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத் துணி. எங்கள் ஊரில் மிஷினில் இருந்து மூக்கு வரை எல்லாவற்றையும் அதில்தான் துடைப்போம். "வெள்ளை வேஸ்ட்டுல மட்டுந்தான் தொடைக்கோணும் கண்ணு, கலர்னா சாயம் எறங்கிரும்" என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளி ஆனவர் அவர். எதையும் சாக்பீஸில் கோடு போட்டுத்தான் வெட்டுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு 'ஐஸ் இஞ்சினியர்' என்று பட்டமும் அவரே கொடுத்தார்.

மூன்றாவது கோடையில் ஒரு நாள் ஆர்டர் கொடுக்க வந்த இரண்டு பேருக்கு அம்மா ஐஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எப்போதும் கொடுக்கிற சில்வர் செம்பில் கொடுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. பெரிய ஆட்கள் என்று கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டாள். ஐஸ்கட்டிகள் வெளியே தெளிவாகவும் நட்டநடுவில் மட்டும் ரோஜா நிறமாகவும் மிதந்தன. "இதென்னங்க, ஐஸ் செவந்திருக்குது?" என்றார் ஒருவர், டம்ளரைத் தூக்கிப் பார்த்தபடி.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எங்க ஐஸ் இஞ்சினியர் வேலைங்க. செவப்பு வேஸ்ட்டுல தொடச்சிருக்கும், சாயம் எறங்கியிருச்சு."

அவர்களும் சிரித்தார்கள். வெள்ளை வேஸ்ட்டில்தான் துடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "பரவால்ல சாமி, இனிமே பார்த்துச் செய்யி" என்று அப்பா என் தலையைத் தடவினார். அவ்வளவு பிரியமாகச் சொன்னவர் பொய் சொல்வாரென்று பன்னிரண்டு வயதில் யாருக்குத் தோன்றும்? ஒருவேளை சிவப்புதானோ என்று நினைத்தேன்.

மறுநாள் ஐஸ் நின்றுவிட்டது. சல்லடை சுத்தமாக இருந்தது, வால்வு திறந்திருந்தது, தண்ணீர்தான் வரவில்லை. மோட்டாருக்குள் சாயம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் அப்பா. அதே வாரத்தில் எங்கள் வீட்டுக்குக் 'கேன் தண்ணி' வரத் தொடங்கியது. மூன்று மணிக்கு மூடியோடு வந்த செல்வியிடம், நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். சில நாள் கழித்து அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "குழாத்தண்ணி ஒரு மாதிரி கரிக்குதுய்யா, சின்னவளுக்கு வயித்தால போயிக்கிட்டே இருக்கு" என்றபோது, "வெயில் காலத்துல எல்லாப் போரும் அப்படித்தானுங்க" என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போன செல்வி குடும்பம் திரும்பி வரவில்லை.

'ஐஸ் இஞ்சினியர்' அதன்பிறகு வீட்டில் கேலிப்பெயர் ஆயிற்று. மிக்ஸி நின்றாலும் மின்விசிறி நின்றாலும் "அவளெ கிட்ட உட்றாதீங்க" என்பார்கள். மெஷின் சம்பந்தப்பட்ட படிப்பு கிடைத்தும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், கணக்குப் படித்தேன்.

போன வருடம் பழைய வீட்டை இடிக்க ஏற்பாடானபோது ஃபிரிட்ஜை இரும்புக் கடைக்காரர் எடுத்துப்போக வந்தார். சுவரிலிருந்து வரும் குழாயின் நட்டை நானே கழற்றினேன். அதற்குள் சைக்கிள் டியூப் ரப்பரில் வெட்டிய வட்டத் துண்டு ஒன்று, ஓட்டையே இல்லாமல், தண்ணீரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் ஓரத்தில் நீலச் சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. பிசிறில்லாத அந்த வெட்டு யாருடையது என்று எங்கள் கம்பெனியில் எவரும் சொல்வார்கள். பட்டறைக் கழிவு எங்கள் போருக்குள் இறங்கிவிட்டதை அந்த டம்ளரைப் பார்த்த நொடியிலேயே அவர் அறிந்திருக்கிறார்.

அதைக் கொண்டுபோய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிய தெரிஞ்சா பட்டறைய மூடியிருப்பாங்க கண்ணு. உன்ற படிப்பு, நம்ம ஊடு எல்லாம் அதுலதான இருந்துச்சு."

"லைன் ஊட்டுக் குழாய்க்கும் இதே மாதிரி ஒண்ணு வெட்டியிருக்கலாமில்லீங்கப்பா?"

அவர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், கண்ணாடி டம்ளரில்.

இன்று அந்த வீடு இல்லை, லைன் வீடுகள் இல்லை, போரை மண் போட்டு மூடியாயிற்று. செல்வி எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அவளைப் பார்த்தால் சொல்வதற்கு என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. அன்றைக்கு நான் வெள்ளை வேஸ்ட்டில்தான் துடைத்தேன்.